கங்கைத் துறையில் திருப்பிய வண்டி

பேணாட்டின் முதுகுக்குப் பின்னால் இருந்த சின்ன ஜன்னலின் கீழ் மூலையில், சிரட்டை வாயளவுக்கு ஆவி படிந்திருந்தது. மழை நாளில் கண்ணாடி ஆவி பிடிப்பதில் என்ன அதிசயம்? முன்கண்ணாடியை அவன் பழந்துணியால் துடைத்துத் துடைத்துத்தான் அம்புலன்ஸ் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். ஆனால் அது முழுக்கப் பிடிக்கும். இது அந்த ஒரு மூலையில் மட்டும் பிடித்தது. பிடித்த ஆவி மெல்ல விளிம்பு சுருங்கி வற்றியது. ஒரு பள்ளத்தில் வண்டியை இறக்கி ஏற்றிவிட்டுத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தபோது, மறுபடி பழைய அளவுக்கு வந்திருந்தது.

அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் ஸ்ட்ரெச்சரின் தலைமாடு. அதில் ஸல்ஹா கிடந்தாள். கங்கைத் துறையில் உயிர் போய், வெள்ளைச் சீலையால் மூடி, வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள்.

பின்னால் அவளுடைய மாமியார் பல்கீஸ் உம்மா இருக்கிறாளே, அழுகிற மனிசியின் மூச்சாக இருக்கும் என்று பேணாட் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பக்கத்து இருக்கையில் ஸல்ஹாவின் புருஷன் தாஹிர், நனைந்த சாரத்தோடு, கைகளை முழங்காலில் வைத்தபடி இருந்தான். கல்யாணம் முடித்து ஒரு வருஷம்கூட ஆகாத பையனிடம் என்ன கதைப்பது? பேணாட் பார்வையை வீதியிலேயே வைத்துக்கொண்டான்.

விடியற்காலையில் பாயில் படுத்திருந்தவளை கட்டுவிரியன் தீண்டியிருக்கிறது. அடித்த பாம்பைச் சாக்கில் போட்டுக்கொண்டு, அவளை மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கங்கைக்கு இக்கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் டொக்டர் கிடையாது. மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி பாக்கியரத்தினம் ஐயாதான் எல்லாம். அவர் பாம்பைப் பார்த்ததும், "இதுக்கு ஊசி பட்டினத்திலதான் இருக்கு. நிக்காமக் கொண்டு ஓடும்" என்று பேணாட்டை விரட்டினார்.

ஓடலாம், ஆறு விட வேண்டுமே. பட்டினம் போகிற வழியெல்லாம் ஆறும் களப்பும்தான். வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவையை அந்தப் பக்கத்தில் பாதை என்பார்கள். கங்கைத் துறையில் வெள்ளம் பாய்ந்து, பாதை அக்கரையிலேயே கட்டிக் கிடந்தது. பேணாட் ஹோர்னை அமத்தி அமத்திக் கை வலித்ததுதான் மிச்சம். அக்கரைக்காரர்கள் கையை விரித்துக் காட்டினார்கள். மழை பேய்மாதிரிக் கொட்டியது. அப்படி நிற்கும்போதுதான் பின் கதவு திறந்து, கூடப் போன அற்றென்டன் றஊப் இறங்கி வந்து தலையை ஆட்டினான்.

சட்டப்படி, ஏற்றிய நோயாளியைப் பெரியாஸ்பத்திரியில் ஒப்படைக்க வேண்டும். உயிர் போய்விட்டது என்று சொல்ல வேண்டியவர் அங்கே இருக்கும் டொக்டர்தான். ஆனால் அப்படிக் கொண்டுபோனால் மரண விசாரணை வரும், உடம்பை வெட்டுவார்கள், பாதை ஓடாவிட்டால் சவம் எத்தனை நாள் அங்கே கிடக்குமோ தெரியாது. பொழுது படுவதற்குள் அடக்க வேண்டும் என்று நினைக்கிற சனத்துக்கு அது இரட்டைச் சாவு. ஆகவே அந்தப் பகுதி வண்டிக்காரர்களிடம் ஓர் எழுதாத வழக்கம் இருந்தது. வழியில் உயிர் போனால் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். வீட்டிலேயே மௌத்தானதாக ஊர் சொல்லும். மேலிடத்தில் எவரும் துருவிக் கேட்கமாட்டார்கள்.

பேணாட் பாலையூற்றுக்காரன், மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரன். ஆனாலும் "பேணாட் அண்ணன் மௌத்தான மையத்த அலைக்கழிக்கமாட்டார்" என்று கிண்ணியாவரைக்கும் அவனுக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, அதை மறைப்பானேன்? துறையில் பல்கீஸ் உம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மகன், எங்கட புள்ளைய வெட்டக் குடுக்காதீங்க" என்று கதறியதும் அவன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"இனிப் போய்ப் பிரயோசனமில்லை. திருப்புவம்," என்று திறந்திருந்த பின் கதவடியில் நின்று உரத்துச் சொன்னான். மழைச் சத்தத்தில் உரத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பழைய வண்டியின் சத்தங்கள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். மேடுபள்ளத்தில் கதவுக் கொண்டி லொடலொடக்கும், உதிரிச் சில்லு மடாரென்று குதிக்கும், சேலைன் போத்தல் தொங்கவிடும் கம்பி கீச்சிடும். "கட்டினவள்ர இருமலைக்கூட நீங்கள் இப்பிடிக் கவனிக்கேல்லை" என்று வீட்டில் எல்சி குத்திக்காட்டுவாள். இப்போது அந்தச் சத்தங்களுக்கும் மழைக்கும் பல்கீஸ் உம்மாவின் ஓதலுக்கும் அடியில் வேறொன்று இருந்தது. ஈரமான, மெல்லிய இழுவை. இழுத்து, நின்று, வெகுநேரம் கழித்து மறுபடி இழுத்தது. வண்டியை மெதுவாக்கினான். ஒன்றுமில்லை. வேகம் கூட்டினான். மறுபடியும் இருந்தது, அல்லது இருந்த மாதிரி இருந்தது.

"கேக்குதா?" என்றான் தாஹிரிடம்.

"என்ன அண்ணன்?"

"ஒண்டுமில்லை."

நாவலடிச்சேனையில் தாஹிரின் வீட்டு வாசலில் சனம் கூடியிருந்தது. பேணாட் இறங்கிப் பின் கதவைத் திறந்தான். பல்கீஸ் உம்மா கதவோரமாக, ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டில் ஒடுங்கி, பின்பக்கத்துக் கண்ணாடியைத் திறந்து வைத்துக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தபடி இருந்தாள். றஊப் அவளுக்கு எதிரில் இருந்தான். தலைமாட்டுப் பக்கத்தில் எவரும் இல்லை.

"வரும்வரைக்கும் இதிலேயா இருந்தனீங்கள்?"

"ஓம் மகன். முன்னுக்கு இருக்க நெஞ்சு அடைக்கிது."

அவன் வாயைத் திறந்தான். என்னவென்று சொல்வது? கண்ணாடியில் ஆவி படிந்தது என்றா? நாலு பேர் சீலையோடு ஸல்ஹாவைத் தூக்கினார்கள். பெண்கள் ஓவென்று குரலெடுத்தார்கள். அவளுடைய ஒரு கை சீலைக்கு வெளியே சரிந்து தொங்கியது. ஒரு கிழவி அதை எடுத்து உள்ளே வைத்தாள். வாசல் திரை விழுந்தது. பேணாட் வாயை மூடிக்கொண்டான்.

உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்பவும் ஏலாது. பட்டினம் போய் வருகிற நேரம் கழிய வேண்டும். றஊப்பை ஜனாஸா அடக்கத்துக்கு விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே வாய்க்கால் ஓரத்தில், ஒரு வேம்பின் கீழ் வண்டியை நிறுத்திக் கழுவத் தொடங்கினான். மழை விட்டிருந்தது. இலைகள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. ஆள் நடமாட்டம் இல்லை. வண்டிக்குள் லைசோல் நாற்றம், ஈரச் சாக்கு நாற்றம், இரண்டுக்கும் அடியில் தூங்கி எழுந்த பிள்ளையின் வாய்வாடை மாதிரி ஒரு வெதுவெதுப்பான மணம். அவன் பின் கதவை இன்னும் அகலத் திறந்து வைத்தான்.

தலையணையைத் தட்டுவதற்காக எடுத்தபோதுதான் கண்டான். நடுவில் தலை அமர்ந்திருந்த பள்ளம் காய்ந்திருந்தது. பள்ளத்தின் இரண்டு பக்கமும், கண்ணின் கடைக்கோடி வருகிற இடங்களில், நன்றாக ஊறிய இரண்டு ஈரத் திட்டுகள். கூரை ஒழுகியிருக்கும். அண்ணாந்து பார்த்தான். கூரைத் தகரம் காய்ந்து கிடந்தது. விரலை அந்த ஈரத்தில் வைத்து, தான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே நாக்கில் வைத்தான்.

உப்பு.

வியர்வையாக இருக்கும். கடற்கரை ஊரில் எதுதான் உப்பில்லை? அவன் தலையணையை ஸ்ட்ரெச்சரில் வைத்தான். பிறகு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாமல் கவிழ்த்து வைத்தான். அவன் பயந்துபோயிருந்தான். பேயைப் பற்றிய பயம் என்றால் செபத்தைச் சொல்லிச் சமாளித்திருப்பான். இது வேறு பயம்.

றஊப் நடந்து வந்தபோது வெயில் ஒரு பொட்டும் இல்லாமல் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது பேணாட் அண்ணன். தொழுது, அடக்க மையவாடிக்குக் கொண்டு போயிட்டாங்க. குளிப்பாட்டின பொம்புளைகள் எல்லாம் ஒரே கதை. நல்ல மௌத்தாம். உடம்பு விறைக்கவே இல்லையாம், கைய மடக்கினா மடங்குதாம், நீட்டினா நீளுதாம். பல்கீஸ் லாத்தாவுக்கு அதில ஒரு ஆறுதல்."

பேணாட் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான்.

"றஊப், துறையில நீர் எப்பிடிப் பாத்தனீர்?"

"என்னத்த?"

"உயிர் போட்டுதெண்டு."

"நாடி பாத்தன். புடிபடல்ல. பிறகு மணிக்கூட்டுக் கண்ணாடிய மூக்கடியில புடிச்சன்."

"ஆவி பிடிச்சதா?"

றஊப் தன் மணிக்கட்டைப் பார்த்தான்.

"அந்த மழையில அது முதலே நனைஞ்சு கிடந்திச்சு அண்ணன். என்ட கையும் விறைச்சுக் கிடந்திச்சு. ஏன் கேக்கிறீங்க?"

"சும்மா."

இரண்டு பேரும் வண்டியில் ஏறினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரைக்கும் பேணாட் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதிக்கரி ஐயா விறாந்தையில் பெற்றோமாக்ஸுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். வண்டியைக் கண்டதும் பிஸ்டனில் கையை வைத்தபடி, "என்ன பேணாட், பிள்ளையைச் சேர்த்தாச்சா?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா." பொய் தானாக வந்தது. எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய பொய்.

"மூச்சு இருந்துதா?"

"இருந்... இருந்தது ஐயா."

"அது போதும். இனித் தப்பியிடும்." அவர் சந்தோஷமாக இரண்டு தரம் காற்று அடித்தார். "இந்த விரியன் கடி ஒரு வஞ்சகம், பாரும். கண் மடல் சரிஞ்சு, கை கால் எல்லாம் விழுந்து போயிடும். மூச்சு எப்பவோ ஒருக்கா இழுக்கும். நாடியும் லேசில பிடிபடாது. சவமெண்டே நினைப்பினம். நான் வேலை பழகின காலத்தில ஒருத்தன் ரெண்டு நாள் அப்பிடிக் கிடந்திட்டு எழும்பினவன். எழும்பி, கட்டிலடியில நிண்டு ஆர் ஆர் என்ன கதைச்சவை எண்டு ஒண்டும் விடாமச் சொன்னான்."

"கதைச்சதெல்லாம்..."

"எல்லாம் கேக்கும் பேணாட். கண்ணீரும் வரும். வாய் திறக்கத்தான் ஏலாது. விஷம் இறங்க இறங்க முதல்ல விரல் அசையும், பிறகு குரல் வரும்."

இனிப் போய்ப் பிரயோசனமில்லை. திருப்புவம்.

அவன் சொன்னது. உரத்துச் சொன்னது. கதவடியில் நின்று, அவள் காதுக்கு எட்டச் சொன்னது. அதன் பிறகு உடம்பில் சுற்றுகிற கபன் துணி எங்கே வாங்குவது என்று கதைத்தார்கள். கபுர்க் குழி வெட்ட யாரை அனுப்புவது என்று கதைத்தார்கள். சீலையை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

பேணாட் திரும்பினான். றஊப் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் இரத்தமில்லை. இரண்டு பேரும் வண்டிக்கு ஓடினார்கள். பின்னால் ஐயா எதையோ கேட்டுக் கூப்பிட்டார்.

வழியில் றஊப் மட்டும், "மண் போட்டுக் கனநேரமில்ல அண்ணன். பலகை வச்சுத்தான் மூடுவாங்க. உள்ளுக்கு இடம் இரிக்கும். காத்து இரிக்கும்," என்றான். கொஞ்சம் கழித்து அதையே மறுபடி சொன்னான். பேணாட் அக்சிலேற்றரை மிதித்தான். தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பி விழுந்தது. மாதாவே, இடம் இருக்கட்டும். மாதாவே, காற்று இருக்கட்டும்.

ஊருக்கு முன்னால் பாலம் மூழ்கியிருந்தது. வண்டியை அப்படியே விட்டான். தண்ணீர் இடுப்பளவு. டோர்ச்சைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அக்கரையில் மணல். ஓட ஓடக் கால் புதைந்தது. எங்கோ பள்ளிவாசல் பக்கம் ஒரு நாய் விடாமல் ஊளையிட்டது. கடல் இரைந்தது. மையவாடி வேலி. படலை திறந்து கிடந்தது.

சனம் இல்லை. எல்லோரும் போய்விட்டார்கள்.

டோர்ச் வெளிச்சத்தில் ஒரே ஒரு ஆள் தெரிந்தான். தாஹிர். ஒரு புதுக் கபுரின் பக்கத்தில் மண்டியிட்டு இருந்தான். வெளிச்சம் முகத்தில் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஆரு? றஊப் நானாவா?" என்றான். குரல் கம்மிப் போயிருந்தது. ஆனால் முகத்தில் பகல் முழுக்க இல்லாத ஓர் அமைதி.

"தம்பி..." றஊப்புக்கு மூச்சு வாங்கியது. "நீ ஏன் போகல்ல?"

"கபுரடியில தல்கீன் ஓதி முடிய எல்லாரும் போயிட்டாங்க நானா. நான் மட்டும் நிண்டனான். அவ பயந்த சுபாவம். வீட்டில தனிய ஒரு அறைக்குள்ள போகமாட்டா." அவன் புறங்கையால் முகத்தைத் துடைத்தான். முகம் முழுக்க மண் அப்பியது. "நிண்டது நல்லதாப் போச்சு. எல்லாரும் அங்கால போன கையோட, மௌத்தானவங்கள விசாரிக்கிற மலக்குமார் கபுருக்குள்ள வந்திட்டாங்க. கேள்வி கணக்குத் தொடங்கிட்டு. எனக்கு நல்லாக் கேட்டிச்சு."

பேணாட் டோர்ச்சைத் தாழ்த்தினான். "என்ன கேட்டது?"

"முதல்ல முனகினா அண்ணன். பிறகு என்ட பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டா. பதில் தெரியாமத் தடுமாறுறா எண்டு வெளங்கிட்டு. அப்ப நான் மேல இருந்து சொல்லிக் குடுத்தன். 'பயப்படாத புள்ள, என்ட றப்பு அல்லாஹ் எண்டு சொல்லு, சொல்லிடு' எண்டு. கன நேரம் கத்தினா. பலகையில அடிச்சா. மலக்குமார் அடிக்கிறாங்க எண்டு நினைச்சு நானும் அழுது அழுது ஓதினன்." அவன் மூச்சை இழுத்து விட்டான். "இப்ப கொஞ்சம் முந்தித்தான் நிண்டது. எல்லாப் பதிலும் சொல்லி முடிச்சிட்டா போல."

கடல் இரைந்தது. நாயின் ஊளையும் ஓய்ந்திருந்தது.

றஊப் மெதுவாகக் குந்தினான். ஒரு குழந்தையிடம் பேசுவதுபோல, "தம்பி, ஓதப் போன காலத்தில லெப்பை சொல்லித் தரல்லியா?" என்றான். "கபுருக்குள்ள நடக்கிறது ஆட்டுக்கு மாட்டுக்குக் கேக்குமாம். மனிசர்ர காதுக்கு அது கேக்காது."

தாஹிர் அவனைப் பார்த்தான். பேணாட்டைப் பார்த்தான். திரும்பவும் றஊப்பைப் பார்த்தான்.

"அப்ப நான் கேட்டது?"

பேணாட் டோர்ச்சைக் கீழே எறிந்துவிட்டு, முழங்காலில் விழுந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரினான். றஊப் எதிர்ப்பக்கத்தில் விழுந்து வாரினான். ஈர மண். இறுகிய மண். வாரினார்கள், வாரினார்கள். மண் தீரவில்லை. முழங்கை ஆழத்துக்குத் தோண்டியும் நிலமட்டம் வரவில்லை. ஏன் இத்தனை மண்?

"அவ கூப்பிட்ட ஒவ்வொரு முறையும்..." என்றான் தாஹிர். அவன் இன்னும் அசையவில்லை. "நான் இஞ்சதான் இரிக்கிறன் எண்டு அவவுக்குத் தெரியோணுமே எண்டு, ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஒரு பிடி மண் போட்டனான்."

விழுந்து கிடந்த டோர்ச்சின் வெளிச்சம் தரையோடு தரையாக நீண்டது. சுற்றிலும் இருந்த கபுர்கள் எல்லாம் கணுக்காலளவு மேடுகள். ஸல்ஹாவின் மேடு மட்டும் மண்டியிட்டிருந்த மூன்று ஆண்களின் நெஞ்சுக்கு நின்றது. அடியிலிருந்து உச்சிவரை, மண் சரியாமல் அவன் அமத்தி அமத்திவிட்ட உள்ளங்கை அடையாளங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன.